1989ஆம் ஆண்டில் பெட்ரா எதை ஒப்புக்கொண்டது?

உட்துறைமுகத்தான் (வெள்ளி, இரவு 9.10)

வாலிபர் ஆராதனைக்கான பாடல்களைப் பற்றி நேற்று இங்கே நடந்த உரையாடலில், நிலாவெளி அலை என்ற பெயரில் எழுதும் சகோதரி இப்படி எழுதியிருந்தார்: "கிறிஸ்தவ றொக் என்பது ஆராதனை இசைக்கு ஏறிவர உதவிய ஏணி. மேலே வந்த பிறகு ஏணியைச் சுமந்துகொண்டு திரியத் தேவையில்லை. பெட்ரா இசைக்குழுவே இதை 1989இல் ஒப்புக்கொண்டுவிட்டது."

அமெரிக்கக் கிறிஸ்தவ றொக் குழுவான பெட்ராவின் இசையோடு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக வாழ்ந்து வருபவன் நான். அந்த மூன்று வரிகளைப் படித்த பிறகு நேற்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1988இல் பஹ்ரெய்னிலிருந்து விடுமுறையில் வந்த என் மாமா பெட்ராவின் கசெற் ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ ஒருவருடைய பிரதியிலிருந்து எடுத்த பிரதி அது. அட்டையில் நீல மையால் பாடல்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன, பாதி அழிந்திருந்தன. அறுபது நிமிட நாடா என்பதால் ஒரு பக்கத்தில் முப்பது நிமிடந்தான் கொள்ளும். கடைசிப் பாட்டில் கிற்றார் தனித்து மேலே ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் 'டக்' என்ற ஓசையோடு பக்கம் முடிந்துவிடும். அந்தக் கிற்றார் எங்கே போய் இறங்கியது என்பதை 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு, கொழும்பில் இறுவட்டு வாங்கியபோதுதான் அறிந்தேன். பதினான்கு வருடங்களாக அந்த முடிவை நானே மனத்துக்குள் விதம் விதமாக வாசித்துப் பார்த்திருக்கிறேன். 1990 ஜூனில் சண்டை மூண்டு வீட்டை விட்டு ஓடிய நாளில், அம்மா அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் துணிப்பையில் வைத்துக் கட்டினார். நான் அந்தக் கசெற்றை என் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். இதைத்தான் இந்தச் சகோதரி ஏணி என்கிறார்.

இனி 1989க்கு வருவோம். அந்த வருடம் பெட்ரா ஒரு துதிப்பாடல் தொகுப்பை வெளியிட்டது உண்மை. அடுத்த வருடமே, 1990இல், 'பியொண்ட் பிலீஃப்' வந்தது. அதற்கு 1991இல் கிராமி விருது கிடைத்தது. அது முழுக்க முழுக்க றொக் தொகுப்பு. ஏணியை உதைத்துத் தள்ளியவன் அடுத்த வருடமே அதன் உச்சிப் படியில் நின்று பாடுவானா? சகோதரி பதில் தர வேண்டும்.

நிலாவெளி அலை (வெள்ளி, இரவு 9.52)

அண்ணா, உங்கள் கசெற்றை நான் அவமதிக்கவில்லை. ஆனால் நீங்கள் தொகுப்பின் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்கள். 'பெட்ரா பிரெய்ஸ்: த றொக் க்ரைஸ் அவுட்' என்பதே அதன் பெயர். "இவர்கள் பேசாமலிருந்தால் கல்லுகளே கூப்பிடும்" என்ற லூக்கா 19:40இலிருந்து எடுத்த பெயர் அது. பெட்ரா என்றாலே கிரேக்கத்தில் பாறை. தங்கள் குழுவின் பெயரையே துதிக்கு ஒப்புக்கொடுத்து, சபைகளில் ஏற்கெனவே பாடப்பட்டு வந்த பாடல்களையும் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்வது என்றால் இதைவிட வேறு என்ன?

உங்கள் இசையை மேடையில் ஐந்து பேர் வாசித்தார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். எங்கள் இசையைச் சபை முழுவதும் பாடுகிறது. என் அம்மம்மாவுக்கு எண்பத்தொரு வயது. ஞாயிறு காலையில் கைதட்டிப் பாடுகிறார். உங்கள் பெட்ராவை உங்கள் அம்மம்மா பாடினாரா? அந்தக் காலத்தில் உங்கள் சபை மூப்பர்களே அதைச் சாத்தானின் இசை என்றார்கள் என்று நீங்களே இங்கே பலமுறை எழுதியிருக்கிறீர்கள்.

உப்புவெளிக்காரன் (வெள்ளி, இரவு 10.05)

இருவருக்கும் ஒரு வேண்டுகோள். றொக் என்று எதைச் சொல்கிறீர்கள், ஆராதனை இசை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்தால், 1989ஐப் பற்றிய கேள்வி தானாகவே தெளிந்துவிடும் என நினைக்கிறேன்.

உட்துறைமுகத்தான் (வெள்ளி, இரவு 10.31)

1989இல் அவர்கள் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சமையற்காரர் ஒருநாள் பாற்சோறு பொங்கினால், அவர் இனிமேல் கறி வைக்கமாட்டார் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. 1990, 1991, 1993 என்று தொடர்ந்து றொக் தொகுப்புகள் வந்தன. இந்த ஆண்டுகளைச் சகோதரி ஏன் எண்ணவில்லை?

என் அம்மம்மா பெட்ராவைப் பாடவில்லை என்பது உண்மை. ஆனால் 1990இல் அகதி முகாமில், பக்கத்துக் கொட்டகையில் ஒரு குழந்தை இரவு முழுவதும் அழுதுகொண்டிருந்தபோது, "ஆண்டவரே, நீர் எங்கே இருக்கிறீர்?" என்று கேட்டவரும் அதே அம்மம்மாதான். அந்தக் கேள்வியைப் பாட்டாகக் கேட்கும் துணிவு பழைய றொக் இசைக்கு இருந்தது. முன்னோடிப் பாடகர் லாரி நோர்மன் 1969இல் தொடங்கிய காலத்திலிருந்தே அது போரைப் பற்றியும் பசியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பாடியது. இன்றைய பாடல்களில் மகிமை இருக்கிறது, வல்லமை இருக்கிறது, நெருப்பும் மழையும் வெள்ளமும் இருக்கின்றன. முறைப்பாடு மட்டும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. பாபிலோன் ஆறுகளின் அருகே அலரிச்செடிகளின்மேல் கின்னரங்களைத் தூக்கிவைத்தவர்களும் தேவனுடைய ஜனங்கள்தாம். அவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாட விடுகிறீர்கள்?

பாலையூற்றுப் பாணர் (வெள்ளி, இரவு 11.02)

இரு தரப்பாரும் அமெரிக்காவின் பழைய சட்டைக்கும் புதிய சட்டைக்குமாக அடிபடுகிறீர்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளை மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தில் பாடுகிறோம். அவற்றுக்கு மின்சாரமும் தேவையில்லை, விருதும் தேவையில்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்து இருநூறு வருடங்கள் கடந்த பின்னும், ஒருவர் ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் என்ன செய்தார் என்பதை வைத்துத் திருகோணமலையில் சண்டை பிடிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உட்துறைமுகத்தான் (வெள்ளி, இரவு 11.20)

ஐயா, உங்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன அதே சாஸ்திரியார்தான் 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை எழுதினார். குறவஞ்சி சபைக்குள் பிறந்த வடிவமா? ஆடலும் பாடலுமாக அரங்கில் நின்ற வடிவம் அது. குறத்தியைக் கொண்டுவந்து பெத்லகேமில் நிறுத்திய துணிச்சலுக்கும், மின்கிற்றாரைக் கொண்டுவந்து சிலுவையின் அடியில் வைத்த துணிச்சலுக்கும் இடையில் நான் வேறுபாடு காணவில்லை. சாஸ்திரியாரை நீங்கள் எனக்கு எதிராக நிறுத்துகிறீர்கள். அவர் என் பக்கத்தில் நிற்கிறார்.

பாலையூற்றுப் பாணர் (வெள்ளி, இரவு 11.41)

சாஸ்திரியார் தமிழில் எழுதினார். உங்கள் கசெற் எந்த மொழியில் பாடியது? குறவஞ்சியைப் படித்தவர் அதன் சந்தத்தை அறிவார். தலைப்பை மட்டும் அறிந்தவரோடு நான் வாதாடப் போவதில்லை.

சீனன்குடா இடி (சனி, காலை 7.15)

இரவு முழுவதும் நடந்ததை இப்போதுதான் வாசித்தேன். உட்துறைமுகத்தாரோடு நான் ஐந்து வருடங்கள் ஒரே குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவன். அதனால் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: அவருக்குப் பிடித்த குழு ஓய்ந்தால் உலகமே ஓய்ந்துவிட்டது என்று நினைப்பது அவருடைய பழக்கம். பெட்ரா 2005இல் விடைபெற்றது. ஆனால் மெம்பிஸ் நகரில் 1996இல் தொடங்கிய ஸ்கிலெட் என்ற றொக் குழு இன்றும் மேடையில் இடி இடிக்கிறது; 2009இல் வந்த அவர்களுடைய 'அவேக்' தொகுப்பு பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. பி.ஓ.டி. குழுவின் 'சாட்டலைட்' முப்பது இலட்சத்தைத் தாண்டியது. றொக் எங்கே செத்தது? உங்கள் காதுதான் 1990இலேயே மூடிக்கொண்டது.

உட்துறைமுகத்தான் (சனி, காலை 8.03)

சீனன்குடாத் தம்பி 'சாட்டலைட்' தொகுப்பின் பெயரைச் சொன்னதற்கு நன்றி. அது வெளியான நாள் 2001 செப்டெம்பர் 11. அதே நாளில் பாடகர் மைக்கல் டபிள்யூ. ஸ்மித்தின் 'வர்ஷிப்' என்ற ஆராதனைத் தொகுப்பும் வெளிவந்தது. நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, கடைகளில் இரண்டு வழிகளும் அருகருகே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. கிறிஸ்தவ இசை நிறுவனங்கள் அதன் பிறகு எந்த வழியில் திரண்டு போயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அதற்குக் காரணம் ஆவியானவர் மட்டுமல்லர். 1988இல் சீ.சீ.எல்.ஐ. என்ற உரிம நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கியது. சபைகள் தங்கள் அளவுக்கேற்ப வருடாந்தக் கட்டணம் செலுத்துகின்றன. எந்தப் பாடல்களைப் பாடினோம் என்று அறிவிக்கின்றன. அந்தக் கணக்கின்படி பாடலின் உரிமையாளருக்குப் பணம் போகிறது. றொக் தொகுப்பை இரசிகன் ஒருமுறைதான் வாங்குவான். சபையில் பாடக்கூடிய ஒரு பாடலோ ஒவ்வொரு ஞாயிறும் காசு கொண்டுவரும். 2000க்குப் பிறகு இறுவட்டு விற்பனை விழத் தொடங்கியதும், எந்த நிறுவனமும் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குக் குறி கேட்கத் தேவையில்லை. ஸ்பரோ என்ற கிறிஸ்தவ இசை நிறுவனத்தை ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசை நிறுவனம் 1992இலேயே வாங்கிவிட்டது. இலினோய் மாநிலத்தில் 1984 முதல் நடந்துவந்த கோர்னர்ஸ்டோன் கிறிஸ்தவ இசை விழா 2012இல் நின்றுபோனது. புதிய குழுக்கள் பயமில்லாமல் வாசித்துப் பார்த்த திடல் அது. ஸ்கிலெட் ஒன்று நிலைத்திருப்பதால் சந்தை முழுவதும் நிலைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒற்றைப் பனை நின்றால் தோப்பு என்று சொல்வோமா?

ஆனால் நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தது 2001க்குப் பிறகுதான். 1989இல் பெட்ரா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சீனன்குடா இடி (சனி, காலை 8.20)

'சாட்டலைட்' தொகுப்பு 'வர்ஷிப்' தொகுப்பைவிட அதிகம் விற்றது என்பதை மட்டும் தவிர்த்துவிட்டீர்கள். உங்களுக்குப் பிடிக்காத கணக்கை நீங்கள் எப்போதுமே தவிர்ப்பீர்கள். 2003இல் ஈஸ்டர் நிகழ்ச்சிக்குப் பிறகும் அப்படித்தான் செய்தீர்கள்.

உட்துறைமுகத்தான் (சனி, காலை 8.34)

2003ஐ எடுத்தது நீங்கள், ஆகவே சொல்கிறேன். அந்த ஈஸ்டர் நிகழ்ச்சிக்கு என் கிற்றார் ஒலிபெருக்கியை உங்களிடம் கொடுத்தேன். கூம்பு கிழிந்த நிலையில் அது திரும்பி வந்தது. அதற்குள் உங்கள் ட்ரம்ஸ் குச்சி ஒன்று கிடந்தது. இருபது வருடங்களுக்கு மேலாகியும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை நீங்கள்.

சீனன்குடா இடி (சனி, காலை 8.41)

கூம்பைக் கிழித்தது என் குச்சியல்ல. பதினைந்து வாற் பெட்டியின் ஒலித் திருகை எட்டுவரை முறுக்கி, மணிக்கூட்டுக் கோபுரம் வரை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் நீங்கள். அந்தப் பெட்டி இப்போது என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வந்தவன் நான். திரும்பி வந்து கேட்காதவர் நீங்கள்.

நிலாவெளி அலை (சனி, காலை 10.10)

ஒலிபெருக்கி வழக்கை நீங்கள் இருவரும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அண்ணாவுடைய கணக்கில் நான் இன்னொரு ஓட்டையைக் காட்ட விரும்புகிறேன். 1989 ஒரு தற்செயல் என்கிறீர்கள். ஒருநாள் பாற்சோறு என்கிறீர்கள். 1997இல் பெட்ரா இரண்டாவது துதிப்பாடல் தொகுப்பை வெளியிட்டது. 2001இல் 'றிவைவல்' என்ற மூன்றாவது தொகுப்பு வந்தது. மூன்று முறை பொங்கினால் அது தற்செயலா? 1989இல் ஒப்புக்கொண்டதை 1997இலும் 2001இலும் உறுதிப்படுத்தினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் பணக் கணக்கும் சொன்னீர்கள். சீ.சீ.எல்.ஐ. உங்கள் குழுவுக்குக் காசு கொடுத்தால் அது ஊழியம், எங்கள் பாடகர்களுக்குக் கொடுத்தால் வியாபாரமா?

முறைப்பாடு இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிலாவெளியில் உறவினரை இழந்தவர்கள் சபைக்கு வந்து கேட்டது கிற்றாரை அல்ல. சேர்ந்து பாட ஒரு பாட்டைக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பத்து வயதுப் பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றேன். அழுதுகொண்டே பாட முடியும், அண்ணா. அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உட்துறைமுகத்தான் (சனி, பகல் 12.26)

சுனாமிக்குப் பிந்திய அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் மறுத்துப் பேசமாட்டேன்.

'றிவைவல்' தொகுப்பைப் பற்றிப் பேசுவேன். அது என்னிடம் இருக்கிறது. கொழும்பில் அந்தப் பழைய இறுவட்டை வாங்கிய அதே நாளில்தான் இதையும் வாங்கினேன். இரவுப் பேருந்தில் ஹபரணை தாண்டும்வரை காதில் வைத்துக் கேட்டேன். எந்தப் பாட்டும் மோசமில்லை. ஆனால் எந்தப் பாட்டையும் வேறு எந்தக் குழுவும் பாடியிருக்கலாம். பதினான்கு வருடங்கள் காத்திருந்து ஒரு கிற்றாரின் முடிவைக் கேட்ட அதே நாளில், அந்தக் கிற்றார் பின்வாங்கி நிற்பதையும் கேட்டேன். கந்தளாய் வந்தபோது இறுவட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை. அந்த இரவிலிருந்துதான் எனக்கு இந்த இசையுலகத்தின்மேல் இருந்த பிடிப்பு தளரத் தொடங்கியது. 2003இல் 'ஜெக்கில் அண்ட் ஹைட்' என்ற கனத்த றொக் தொகுப்போடு அவர்கள் திரும்பி வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது.

இப்போது என் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். கடந்த நத்தார் ஆராதனைக்கு என் மகன் ஒரு பாட்டின் நடுவே எட்டுத் தாளக்கட்டுக்குக் கிற்றார் வாசிப்பு ஒன்றை அமைத்திருந்தான். மூன்று வாரங்கள் பயின்றான். பாடல் குழுவை நடத்துபவர், "தனியாக வாசித்தால் சனங்களின் பார்வை உன்மேல் போகும்" என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக மடிக்கணினியில் ஒரு பின்னணித் தடத்தை ஓடவிட்டார்கள். அதில் வெளிநாட்டில் யாரோ ஒருவர் வாசித்த கிற்றார் இருந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். மகனின் விரல்கள் தந்தியில் ஓடின, தந்திகள் அதிர்ந்தன, ஆனால் அவனுடைய கிற்றாரின் ஒலித் திருகு சுழியத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் வந்தது அவன் முகம் தெரியாத ஒருவருடைய வாசிப்பு. பாட்டு முடிந்ததும் எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அவன் கிற்றாரைத் துடைத்து உறைக்குள் வைத்துவிட்டு, வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

சபை முழுவதும் பாடுகிறது என்று சகோதரி சொல்கிறார். என் பிள்ளையின் கை மட்டும் பாடக்கூடாதா? "பேரோசையுள்ள கைத்தாளங்கள்" என்று 150ஆம் சங்கீதம் சொல்வது மடிக்கணினியையா?

நிலாவெளி அலை (சனி, பகல் 1.15)

உங்கள் மகனுக்கு நடந்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். எங்கள் குழுவில் அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஒரு நபரின் தவறைக் கொண்டு முழு ஆராதனை இசையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. 'றிவைவல்' உங்களை ஏமாற்றியது என்று இப்போது எழுதிவிட்டீர்கள். அப்படியானால் பெட்ரா மாறியது உண்மை. எப்போது மாறத் தொடங்கியது என்பதுதான் கேள்வி. என் பதில் 1989.

உட்துறைமுகத்தான் (சனி, பகல் 1.28)

2001இல் மாறியது. 1989இல் மாறவில்லை. 1990இல் 'பியொண்ட் பிலீஃப்' வந்தது என்பதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.

பாலையூற்றுப் பாணர் (சனி, பகல் 2.07)

வாதாடப் போவதில்லை என்று எழுதியிருந்தேன். ஆனாலும் பின்னணித் தடம் பற்றிய செய்தியைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கிற்றாரோடு வரட்டும். ஒரு கீர்த்தனையை அவன் விருப்பம்போல வாசிக்கட்டும். இதனால் நான் றொக் இசையை ஏற்றுக்கொண்டதாக யாரும் இங்கே எழுதக்கூடாது. குறவஞ்சி விடயத்தில் உங்கள் கருத்து தவறு என்பதில் இப்போதும் மாற்றமில்லை.

உப்புவெளிக்காரன் (சனி, பகல் 2.30)

இத்தனை பதிவுகளுக்குப் பிறகும் றொக் என்றால் என்ன என்று எவரும் சொல்லவில்லை.

சீனன்குடா இடி (சனி, மாலை 4.48)

கடையில் கேட்டேன். எட்டு அங்குலக் கூம்பு கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்கிறார்கள். பாதிப் பணம் நான் தருகிறேன். மீதிப் பாதி அதை எட்டுவரை முறுக்கியவருடையது.

உட்துறைமுகத்தான் (சனி, மாலை 5.02)

நான் ஐந்துக்கு மேல் ஒருபோதும் முறுக்கியதில்லை. முழுப் பணத்தையும் நீங்கள் தர வேண்டும். பாணர் ஐயாவுக்கு மகன் சார்பில் நன்றி. வியாழன் மாலை வருவான், குறவஞ்சியைப் பற்றி நான் நேரில் வந்து பேசுகிறேன்.

நிலாவெளிச் சகோதரி, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். 1990ஆம் ஆண்டைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

நிலாவெளி அலை (சனி, இரவு 7.40)

நாளை காலை ஆராதனை இருக்கிறது. இப்போது பயிற்சிக்குப் போகிறேன். 1989ஐப் பற்றி நான் எழுதியது எழுதியதுதான்.